மனச்சோர்வு திருகோணமலையை நோக்கி நகருதாம்

குழு: அம்மம்மா வீட்டுக் கூட்டம்

கடைக்குட்டி, காலை 6.42
(பல தடவை ஃபோர்வட் ஆனது)
அடுத்த 24 மணித்தியாலங்களில் மனச்சோர்வு மேலும் தீவிரமடைந்து திருகோணமலையை நோக்கி நகரும். மீனவர்கள் கவனம்.

அம்மா, 6.45
என்னடா இது? ஆருக்கு மனச்சோர்வு?

நிலாவெளி சித்தப்பா, 6.47
எனக்குத்தான். மூண்டு நாளா போட் இறக்கல்ல 😭

ரீச்சர் பெரியம்மா, 6.58
மொழிபெயர்த்தது ஆரெண்டு கேக்கவே தேவையில்ல, போன்தான். இங்கிலீஷ்ல டிப்ரஷன் எண்டு இருந்திருக்கும், அதுக்கு எங்கட வானிலைக்காரர் சொல்லுறது தாழமுக்கம், இந்தியா ரீவில காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எண்டு மூச்சு வாங்க வாங்க வாசிப்பாங்க, போன் ரெண்டையும் விட்டுட்டு டொக்டர்மார் சொல்லுற டிப்ரஷனைத் தூக்கிப் போட்டுட்டுது. ஆனா மற்றச் சொல்லை ஓரளவுக்குச் சரியாத்தான் செய்திருக்கு. இன்டென்சிஃபை, தீவிரமடையுது

கடைக்குட்டி, 7.01
ஐயோ பெரியம்மா அந்தச் சொல்லுக்குத்தான் போன கிழமை ரியூசன்ல எனக்குப் பிழை போட்டவங்க!! அரிசி விலை இன்டென்சிஃபைட் எண்டு எழுதினன். டிக்ஷனரில அதிகரி எண்டுதானே கிடக்கு

ரீச்சர் பெரியம்மா, 7.06
பிழைதான் மகன். விலைக்கு இலக்கம் இருக்கு, நேற்று ஒண்டு இண்டைக்கு ஒண்டு, அதுக்கு இன்கிரீஸ் இல்லாட்டி ரைஸ் போடோணும். இன்டென்சிஃபை வாறது ஏற்கனவே இருக்கிற ஒண்டின்ட வேகம், அழுத்தம், உக்கிரம் ஏறேக்க. வலி, மழை, சண்டை, போட்டி, தேடுதல், நெருக்குதல் இதுகளோடதான் அது சேர்ந்து திரியும்

அம்மா, 7.07
அப்ப காய்ச்சல்?

ரீச்சர் பெரியம்மா, 7.08
தெர்மோமீட்டர்ல இலக்கம் தெரியுதே, அதால காய்ச்சல் கூடும். தலையிடி வலுக்கும்

நிலாவெளி சித்தப்பா, 7.12
நில்லுங்கோ அக்கா. காத்துக்கும் இலக்கம் இருக்குத்தானே. மணிக்கு 31 கிலோமீற்றர்ல இருந்து 49 வரைக்கும் தாழமுக்கம், 50ல இருந்து 61 ஆழ்ந்த தாழமுக்கம், 62ஐத் தொட்டா சூறாவளி. கடலுக்குப் போற எங்களுக்கு இது மனப்பாடம். இலக்கம் இருக்கிற சாமானுக்கு எப்பிடி அந்தச் சொல் வரும்

கடைக்குட்டி, 7.12
சித்தப்பா 🔥🔥🔥

அம்மா, 7.13
அக்கா மாட்டிட்டா

ரீச்சர் பெரியம்மா, 7.20
ஒருத்தரும் மாட்டல்ல, தேத்தண்ணி ஊத்தப் போனனான். தம்பி, உங்கட இலக்கம் காத்தின்ட வேகத்துக்கு. வின்ட் ஸ்பீட் எண்டு எழுதினா அதுக்கு இன்கிரீஸ்தான் வரும். சூறாவளி எண்டு முழு ஆளையும் சேர்த்துச் சொன்னாத்தான் இன்டென்சிஃபை. வேகம் கூடுது, சூறாவளி வலுக்குது. தமிழ்லயும் அப்பிடித்தானே கதைக்கிறம், வேகம் வலுக்குது எண்டு ஆரும் சொல்லுறதில்லையே

நிலாவெளி சித்தப்பா, 7.22
ம்ம். சரி. சரிதான்

நான், 7.24
24 மணித்தியாலத்துக்குள்ள காத்து வேகம் மணிக்கு 55 கிலோமீற்றர் அளவுக்குக் கூடிட்டா அதுக்கு ரெபிட் இன்டென்சிஃபிகேஷன் எண்டு தனிப் பேரே வச்சிருக்கிறாங்க. படுக்கேக்க சாதாரண சூறாவளி, எழும்பேக்க வேற ஆள். கடல் நல்லாச் சூடா இருந்தா அப்பிடி நடக்கும்

அம்மா, 7.24
காலங்காத்தால வாயை வைக்காத

அம்மம்மா, 7.31
🎤 1:48

நான், 7.36
கேக்காத ஆக்களுக்காக எழுதுறன். அம்மம்மா சொல்லுறா: "நீங்க இங்கிலீஷைப் போட்டுக் குழம்புறீங்கள். மழை வலுக்குது எண்டுதான் நாங்க அப்பவே சொன்னம். வருத்தம் எண்டா முத்தும், சண்டையும் முத்தும். 64 மார்கழி சூறாவளிக்கு எனக்கு ஒம்பது வயசு, தனுஷ்கோடியை அழிச்சதும் அதேதான். எங்கட ஐயா வாசல்ல நிண்டு பாத்திட்டு காத்து வலுக்குது எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவர், அம்மா அடுப்பில கிடந்த சோத்தோட பானையைத் தூக்கிக்கொண்டு கல்வீட்டுக்கு ஓடினவ." பிறகு கொஞ்ச நேரம் கோழி கத்துற சத்தம்தான்

ரீச்சர் பெரியம்மா, 7.45
அம்மா சொன்ன சொல்லுத்தான் சரியான சொல், போன் போட்ட தீவிரத்தை விட நல்லாப் பொருந்துது. மகன் இதையும் கேள், தமிழ்ல தானா நடந்தா வலுக்குது, நாங்க செய்தா வலுப்படுத்துறம், உருவம் மாறும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே உருவம். தெ ஸ்ட்ரோம் இன்டென்சிஃபைட், சூறாவளி வலுத்திட்டு. தெ நேவி இன்டென்சிஃபைட் தெ சேர்ச், நேவி தேடுதலைத் தீவிரப்படுத்தினாங்க

கடைக்குட்டி, 7.47
அப்ப தெ ஸ்ட்ரோம் வோஸ் இன்டென்சிஃபைட் எண்டு எழுதினா?

ரீச்சர் பெரியம்மா, 7.49
சூறாவளியை ஆர் பிடிச்சு வலுப்படுத்தினது? அது தானா வலுக்குது, வோஸ் வேண்டாம். தேடுதலுக்கு எண்டா போடலாம், அங்க தேடினவன் ஒருத்தன் இருக்கான். என்ட கிளாஸ்ல வருசா வருசம் அரைவாசிப் பேர் விழுற குழி இது

கனடா மச்சாள், 7.53
குட் மோர்னிங் எல்லாருக்கும், இங்க இரவு. மாமி எங்கட ஒஃபிஸ்ல எஸ்கலேட்தான் நாள் முழுக்க. கஸ்டமர் கத்தினா எஸ்கலேட் பண்ணு எண்டுவாங்க. அதுவும் இதுவும் ஒண்டா?

ரீச்சர் பெரியம்மா, 7.59
சண்டைக்கு ரெண்டும் வரும் பிள்ளை. எஸ்கலேட் எண்டா படி படியா ஏறுறது, நேற்று வாய், இண்டைக்குக் கல், நாளைக்குப் பொலிஸ். எஸ்கலேட்டர் எண்டு மெஷினுக்குப் பேர் வச்ச பிறகுதான் அந்த வினைச்சொல்லே வந்தது, பிறகு பனிப்போர் காலத்தில சண்டைக்குப் போட்டாங்க. உங்கட ஒஃபிஸ்ல அது முறைப்பாட்டை மேல உள்ள ஆளிட்டத் தள்ளி விடுறது

கனடா மச்சாள், 8.00
தள்ளி விடுறதுதான் 😂 கரெக்ட்

அம்மா, 8.01
நான் ரவுட்டர் பழுதெண்டு ஒரு இடத்துக்கு எடுத்து எடுத்து ரெண்டு மாசம், எஸ்கலேட் பண்ணிட்டம் மேடம் எண்டு ஒவ்வொரு முறையும் சொன்னாங்க, எந்த மாடிக்கு ஏறிச்சோ இன்னும் இறங்கி வரல்ல

நிலாவெளி சித்தப்பா, 8.14
📷
போட்டை மேல இழுத்துத் தென்னையில கட்டிட்டன். புரெவி 2020ல திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையால ஏறினது, எனக்கு வடக்கால கொஞ்சத் தூரம்தான், அண்டைக்குக் கயிறு தளர்வாக் கட்டினவங்கட போட்டெல்லாம் ஒண்டோட ஒண்டு இடிச்சு உடைஞ்சது. அதால இந்த முறை பட்டத்தில கட்டுற விண் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கு, விரலால தட்டினா சத்தம் வருது

ரீச்சர் பெரியம்மா, 8.21
தம்பி அந்தக் கயிறுதான் இந்தச் சொல். லத்தீன்ல டென்டெரே எண்டா இழுக்கிறது, இன்டென்ஸ் எண்டா இழுத்து விறைச்சது. டென்ஷன், டென்ட் எல்லாம் அதே குடும்பம். கயிறு நீளல்ல, கூடல்ல, விறைக்குது. இதை 30 வருசம் கரும்பலகையில எழுதினனான், இப்பிடி ஒரு படம் என்னட்ட இருக்கல்ல

நான், 8.23
நியூட்டன் காலத்தில இதுக்கு இன்டென்ட் எண்டுதான் எழுதினதாம், பிறகு அது நினைச்சிருக்கிறன் எண்ட கருத்துக்குப் போயிட்டுது, அதால கவிஞர் கோல்ரிட்ஜ் 1817ல இன்டென்சிஃபை எண்டு புதுசா ஒண்டைப் போட்டிட்டு, இது ஜோன்சன்ட அகராதியில இல்ல, என்ட காதுக்கே கரடுமுரடாத்தான் கேக்குது எண்டு அடிக்குறிப்பும் போட்டவர்

கடைக்குட்டி, 8.24
அவருக்கு ஆரும் பிழை போடல்லையா

ரீச்சர் பெரியம்மா, 8.26
அவர் அடிக்குறிப்பு எழுதினவர். நீ அரிசி விலைக்கு அடிக்குறிப்பு எழுதினியா?

கடைக்குட்டி, 8.31
சரி பாருங்கோ. தெ ரெயின் இன்டென்சிஃபைட் அன்ட் மை ஆன்ட் இன்டென்சிஃபைட் ஹெர் லெசன்

ரீச்சர் பெரியம்மா, 8.32
இலக்கணம் சரி. நாளைக்கு வீட்ட வா

அம்மம்மா, 8.40
🎤 0:06

நான், 8.41
அம்மம்மா கேக்கிறா டோர்ச்சை எடுத்தது ஆரெண்டு

அம்மா, 8.41
கடைக்குட்டிட்ட இருக்கு

நிலாவெளி சித்தப்பா, 8.52
இங்க கரண்ட் போயிட்டு. போன் 12 வீதம். வடக்குப் பக்கம் நல்லா இருட்டிக்கொண்டு வருது, காத்து வலுக்குது

ரீச்சர் பெரியம்மா, 8.53
போனை ஓஃப் பண்ணி வையுங்கோ தம்பி, பின்னேரம் எடுங்கோ