பழைய துப்பறியும் டிவி தொடர் பாணியில் பேய் வீடு: மாடிப்படி ஆவியைக் கேமராவிலேயே எடுப்பது எப்படி?

(இது ஒரு கேள்வி-பதில் உரையாடல். திரைச்சீலை, கண்ணாடித்தட்டு முதலியவை பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

திரைச்சீலை:

ரொனால்ட் ஹோவர்ட் ஹோம்ஸாக நடித்து 1954-ல் வந்த ‘ஷெர்லாக் ஹோம்ஸ்’ டிவி தொடர் இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 39 எபிசோடு, கறுப்பு வெள்ளை, பிரான்சில் எடுத்தது. அதில் ‘ஹாண்டட் கெய்ன்ஸ்பரோ’ எபிசோடு ஸ்காட்லாந்துக் கோட்டை, பழைய ஓவியம், பெண் ஆவி என்று போகும். அந்தப் பாணியில் 15 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். கதைக் காலம் 1890.

மாடிப்படியின் நான்காவது படியில் வெள்ளை உடைப் பெண் தோன்ற வேண்டும். பின்னாலிருக்கும் மரச்சுவர் அவள் உடம்பு வழியே தெரிய வேண்டும். நான்கு விநாடியில் மெல்லக் கரைய வேண்டும். கம்ப்யூட்டர் வேலை வேண்டாம் என்பது முடிவான விஷயம். கையில் இருப்பது ஃபுல் ஃபிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், 300 வாட் எல்.இ.டி. இரண்டு. கேமராவுக்கும் படிக்கும் 14 அடி. கேமராவுக்கு இடப்பக்கம் ஒரு அறை இருக்கிறது, கதவு அகலமானது.

டபுள் எக்ஸ்போஷரா (ஒரே ஃபிரேமில் இரண்டு முறை படம் பதிப்பது), கண்ணாடியா? கண்ணாடி என்றால் என்ன அளவு? கூடவே, கண் அசையும் ஓவியம், மின்னல் இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

கண்ணாடித்தட்டு:

கண்ணாடிதான். பூச்சில்லாத வெறும் கண்ணாடியைப் படிக்கும் கேமராவுக்கும் நடுவில் கோணலாக நிறுத்தினால், அதன் வழியே படி தெரியும், பக்கத்து அறையில் நிற்கும் நடிகையின் பிம்பமும் அதில் சேர்ந்து தெரியும். இதைச் சொல்ல முதல் காரணம் உங்கள் கதை. துப்பறியும் கதையில் பேயைக் கிளப்பிவிடுவது ஒரு ஆள். அவன் அதை எப்படிச் செய்தான் என்று கடைசியில் காட்டியாக வேண்டும். டபுள் எக்ஸ்போஷரில் ஆவியை எடுத்துவிட்டு, ‘மெல்லிய துணியில் விளக்கடித்தான்’ என்று முடித்தால் அது பார்ப்பவருக்குச் செய்யும் துரோகம். அவர் திரையில் கண்ட உருவத்தை அந்தத் துணியால் உண்டாக்கவே முடியாது. கேமரா எந்த உத்தியால் எடுத்ததோ அதே உத்திதான் வில்லன் கையிலும் இருக்க வேண்டும். காலமும் பொருந்துகிறது. பொறியாளர் ஹென்றி டிர்க்ஸ் யோசித்த இந்தக் கண்ணாடி உத்தியை, அறிவியல் விரிவுரையாளர் ஜான் ஹென்றி பெப்பர் மேடைக்குத் தோதாக மாற்றி, 1862 டிசம்பர் 24 அன்று லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் காட்டினார். 1890-ல் ஒரு வில்லன் அதை அறிந்திருப்பது இயல்பே.

அமைப்பு இப்படி. லென்ஸிலிருந்து ஒன்றரை அடியில் கண்ணாடியைச் செங்குத்தாக, 45 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். ஆவி இடப்பக்க அறையில் என்பதால், கண்ணாடியின் இட விளிம்பு கேமராவை விட்டு விலகியும் வல விளிம்பு கேமராவை நோக்கி வந்தும் இருக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2 அடி × 1½ அடி போதும். ஆனால் கண்ணாடியின் நடுப்பகுதியை லென்ஸுக்கு நேராக வைத்துவிடாதீர்கள். லென்ஸின் நேர்கோட்டிலிருந்து அளந்தால், கேமராவை விட்டு விலகும் பக்கம் 36 செ.மீ. தேவைப்படும், நெருங்கும் பக்கம் 17 செ.மீ. போதும். நடுவில் வைத்தால் ஃபிரேமின் இட ஓரத்தில் விளிம்பு கோடாகத் தெரியும்.

படி 14 அடியில் என்றால், கண்ணாடியிலிருந்து படிக்கு 12½ அடி. நடிகையும் பக்கத்து அறையில் கண்ணாடியிலிருந்து அதே 12½ அடியில் நிற்க வேண்டும். கிட்டே நின்றால் படிக்கட்டை விடப் பெரிய ஆளாகத் தெரிவாள், ஃபோகஸும் படியோடு சேராது. நான்காவது படி என்றால், படிக்கு 7 அங்குலம் வீதம் 28 அங்குல உயர மேடை வேண்டும். மேடை, தரை, பின்சுவர் எல்லாவற்றையும் கறுப்பு வெல்வெட்டால் மூடுங்கள். சாதாரணக் கறுப்புக் காட்டன் துணி பலமான விளக்கில் சாம்பல் நிறமாகிப் படியின் மேல் திரை போட்டதுபோல் தெரியும்.

இனி வெளிச்சம். 45 டிகிரியில் கண்ணாடி திருப்பி அனுப்புவது சுமார் 10 சதவீதம்தான். ஆகவே ஆவியின் உடை பின்சுவரை விடப் பத்து மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), பிரகாசமாக இருந்தால்தான் இரண்டும் சமமாகத் தெரியும். உங்களுக்கு மரச்சுவர் இருப்பது அதிர்ஷ்டம். கருமரம் பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும், வெள்ளை உடை பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சுவர் என்றால் 300 வாட்டெல்லாம் காணாது.

பலரும் சறுக்கும் இடம் தலைமுடி. கறுப்பாக இருப்பது எதுவும் கண்ணாடியில் வராது. கருமுடி மறைந்து முகம் மட்டும் முகமூடிபோல் மிதக்கும். முடிக்கு நன்றாக வெள்ளைப் பவுடர் போடுங்கள், புருவத்துக்கும்.

இடம் வலமாக மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கதையில் வலக்கையில் மெழுகுவத்தி என்றால் நடிகை இடக்கையில் பிடிக்க வேண்டும்.

ரீல்பெட்டி:

மேலே சொன்னது சரி, ஆனால் டபுள் எக்ஸ்போஷரை அப்படியே தள்ளிவிட வேண்டாம். கண்ணாடி ஆவிக்கு ஒரு பெரிய குறை உண்டு. செட்டில் இருக்கும் எந்தப் பொருளும் அவளை மறைக்காது. மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் அவள் இறங்கி வர வேண்டுமென்றால், கம்பிகள் மேலேயே அவள் படர்ந்து தெரிவாள்.

அந்த மாதிரி ஷாட்டுக்கு ஒரே ஃபிரேமில் இரண்டு எக்ஸ்போஷர்: ஒன்று நடிகையோடு, ஒன்று வெறும் படி, இரண்டும் ஒரு ஸ்டாப் குறைத்து. கம்பி அவளைச் சரியாக மறைக்கும், அவள் நிழலும் அரைகுறையாக விழும். ஃபிலிம் காலத்தில் சுருளைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி ஓட்டுவார்கள். இதில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும் சுவரின் கோடுகள் இரண்டாகும். மரத்தரையில் யாரும் நடக்கக் கூடாது. ஃபிரேமுக்குள் எரியும் மெழுகுவத்தி இருந்தால் அந்தச் சுடரும் இரட்டையாகும்.

கண்ணாடித்தட்டு:

ஒத்துக்கொள்கிறேன், தொழில்நுட்பமாக. ஆனால் இவர் கதையில் ஆவி ஒரே படியில் நிற்கிறாள். கம்பிக்குப் பின்னால் அவள் போகத் தேவையில்லை. நிழல் விழாமலிருப்பதே துப்பறிபவருக்கு ஒரு தடயம். அதைக் கெடுக்க வேண்டாம்.

திரைச்சீலை:

கண்ணாடியே வைத்துக்கொள்கிறோம். நான்கு விநாடியில் கரைய எல்.இ.டி. டிம்மரைத் திருப்பினால் கடைசியில் ஒரு துள்ளல் வருகிறது, 5 சதவீதத்திலிருந்து சட்டென்று பூஜ்யத்துக்குப் போகிறது. அப்புறம், அந்தத் தடயங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? நிழல் இல்லாததைத் தவிர வேறென்ன துப்பறிபவர் பிடிக்கலாம்?

கண்ணாடித்தட்டு:

டிம்மரைத் தொடாதீர்கள். லென்ஸில் போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) போட்டுத் திருப்புங்கள். செங்குத்தான கண்ணாடியில் 45 டிகிரியில் திரும்பும் ஒளி பெரும்பாலும் மேலும் கீழுமாக அதிர்வது. போலரைசர் அதை விடும் நிலையில் கண்ணாடி சுமார் 17 சதவீதம் திருப்பும், 90 டிகிரி சுற்றினால் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே நான்கு விநாடியில் கால் வட்டம் சுற்றினால் ஆவி சீராகக் கரையும், படி ஏறக்குறைய அப்படியே நிற்கும். மிச்சமிருக்கும் அந்தத் துளியை, ஆவி மங்கிய பிறகு விளக்கை அணைத்துத் தீர்த்துவிடுங்கள். போலரைசர் மொத்த ஒளியில் ஒன்றேகால் ஸ்டாப் அளவுக்குத் தின்னும், அதைக் கணக்கில் வையுங்கள். ஃபிரேமில் மெழுகிட்ட தரையோ வார்னிஷ் பளபளப்போ இருந்தால் அதுவும் சேர்ந்து மாறும். தரையில் கம்பளம் விரித்தால் தொல்லையில்லை.

கதைக்குள் வில்லனிடம் போலரைசர் கிடையாது. அவன் விளக்கைத் தணிப்பான், அவ்வளவுதான்.

தடயம் பற்றி விரிவாகவே சொல்கிறேன், இந்த மாதிரி எபிசோடின் உயிரே அதுதான். உத்தியின் குறை எதுவோ அதுவே தடயம். புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம்.

முதலில் சாட்சிகளின் முரண்பாடு. ஆவி கண்ணாடியின் விளிம்புக்குள் மட்டும்தான் தெரியும். வாசலுக்கு நேரே நின்ற மூன்று பேர் முழு உருவத்தைப் பார்த்திருப்பார்கள். ஓரமாக நின்ற சமையற்காரி ‘பாதி உடம்புதான் இருந்தது, கத்தியால் வெட்டினாற்போல’ என்பாள். எல்லோரும் அவளைப் பயந்துபோனவள் என்று ஒதுக்குவார்கள். துப்பறிபவர் மட்டும் அவள் நின்ற இடத்தில் போய் நின்று பார்ப்பார்.

அடுத்தது குரல். உருவம் நேரே தெரியும், முனகல் பக்கத்து அறையிலிருந்து வரும். பார்வையில்லாத முதியவர் ஒருவர் கதையில் இருந்தால் அவர் காட்டும் திசைதான் சரியான திசை.

அதற்கடுத்தது மோதிரம். ஓவியத்தில் அந்தப் பெண்ணுக்கு இடக்கையில் மோதிரம். வேடம் போட்டவளும் ஓவியத்தைப் பார்த்து இடக்கையில்தான் போட்டிருப்பாள். கண்ணாடியில் அது வலக்கையாகத் தெரியும். எடுக்கும்போது இந்த ஒரு பொருளை மட்டும் திருத்தாமல் விட்டுவிடுங்கள். கவனிப்பவர் கண்டுபிடிக்கட்டும்.

எனக்கு மிகப் பிடித்தது சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் மேடைக்குப் பலமான வெளிச்சம் தந்தது லைம்லைட். ஆக்சிஜன், ஹைட்ரஜன் கலந்த சுடரைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் பாய்ச்சினால் அது வெள்ளையாக ஒளிரும். சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஒன்றிரண்டு நாளில் பொடியாக உதிரும். பக்கத்து அறைத் தரையில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. வேலைக்காரர் அதை மாவு என்று நினைப்பார். துப்பறிபவர் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, சுண்ணாம்பு என்று கண்டுகொள்வார். க்ளோசப்பில் எடுக்க உங்களுக்குச் சாக்பீஸ் தூள் போதும், நிஜச் சுண்ணாம்பைத் தொட வைக்காதீர்கள்.

முட்டுக்கட்டை:

ஓவியமும் மின்னலும் இன்னும் பாக்கி.

கண் அசையும் ஓவியத்தில் வழக்கமாக நடக்கும் தவறு, தடிமனான பலகையில் ஓட்டை போடுவது. நடிகரின் கண் ஓட்டையின் அடியில் நிழலில் போய்விடும், இரண்டு பொந்து மாதிரி தெரியும். 2 மி.மீ. அட்டையில் வரைந்து, ஓட்டையின் பின்பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவுங்கள். நடிகரின் இமையிலும் மூக்குத் தண்டிலும் ஓவியத்தின் முகநிறத்தையே பூசி, முகத்தை அட்டையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் இடைவெளி நடிகருக்கு அளந்து வரைய வேண்டும். வரைந்த பிறகு நடிகரைத் தேடினால் ஒரு கண் சரியாக இருக்கும், மற்றது வெட்டுப்படும். ஷாட்டும் குறைவாக, ஒன்றரை விநாடி. அதற்கு மேல் போனால் சதைக்கும் சாயத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

மின்னலுக்கு அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கார்பன் கம்பிகளைத் தொட்டு விலக்கி ஆர்க் (கண்ணைப் பறிக்கும் மின்பொறி) உண்டாக்குவார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. ஸ்டில் கேமரா ஃப்ளாஷும் உதவாது. வெடிப்பு மிகக் குறுகியது, சென்சார் வரிவரியாகப் படிப்பதால் ஃபிரேமின் பாதியில் மட்டும் வெளிச்சப் பட்டை விழும். எல்.இ.டி.யை எரியவிட்டு, முன்னால் அட்டையைக் கையால் விசிறுங்கள். குட்டியாக இரண்டு, நீளமாக ஒன்று, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு மூன்று ஃபிரேம். விளக்கு ஜன்னலுக்கு வெளியே, ஆள் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தின் நிழல் சுவரில் கூர்மையாக விழவேண்டும் என்பதால் முன்னால் டிஃப்யூஷன் (ஒளியை மென்மையாக்கும் திரை) எதுவும் கூடாது. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஃபோகஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இடிக்கு 3 × 6 அடி மெல்லிய இரும்புத் தகட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு அடி விளிம்பைப் பிடித்து உலுக்கலாம். சத்தம் ஒளியை விடப் பிந்தும், கிலோமீட்டருக்குச் சுமார் மூன்று விநாடி. முதல் மின்னலுக்கு ஆறு விநாடி கழித்து இடி, ஆவி வரும் மின்னலுக்கு ஒரு விநாடியில் இடி என்று வைத்தால் புயல் நெருங்குவது தானாக உணரப்படும்.

பனிப்புகை போடுவதாக இருந்தால் கண்ணாடி ஷாட்டை முடித்த பிறகு போடுங்கள். புகை மெஷினின் எண்ணெய்ப் படலம் கண்ணாடியில் படிந்தால், ஆவிக்கு அடிக்கும் விளக்கில் கண்ணாடியே தெரிய ஆரம்பிக்கும். உலர்பனி (டிரை ஐஸ்) என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது விடும் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தங்கும், கீழே படுத்திருக்கும் நடிகருக்கு மூச்சு முட்டும்.

திரைச்சீலை:

கடைசிக் காட்சியில் வில்லனின் பெரிய கண்ணாடியைக் காட்ட வேண்டுமே? நாங்கள் எடுத்தது 2 அடித் துண்டில்.

கண்ணாடித்தட்டு:

3 அடி வாசலில் 45 டிகிரி திருப்பி நிறுத்தினால் 4¼ அடி அகலம், 6½ அடி உயரம் தேவை. 8 மி.மீ. கண்ணாடி என்றால் 50 கிலோவுக்கு மேல் வரும். அதை ஒரு ஆள் தனியாக நிறுத்தி எடுக்க முடியாது, ஆகவே வில்லனுக்கு ஒரு கூட்டாளி கட்டாயம். வேடம் போட்டவள் விளக்கருகே இருக்கிறாள் என்றால் கண்ணாடியைத் தூக்க இன்னொரு கை யாருடையது என்ற கேள்வியைத் துப்பறிபவர் வாயில் வையுங்கள்.

வாங்க வேண்டியதில்லை. அதே அளவில் மரச்சட்டம் மட்டும் அடியுங்கள். சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் உங்கள் 2 அடித் துண்டைப் பொருத்தி, அந்த மூலையை நெருக்கமாக எடுங்கள். துப்பறிபவர் மூச்சுவிட்டதும் அங்கே மூச்சின் ஈரம் படியும், கண்ணாடி இருப்பது தெரியும். அகல ஷாட்டில் சட்டம் வெறுமையாக இருந்தாலும் யாருக்கும் தோன்றாது. தரையில் சட்டத்தின் நான்கு கால் அழுந்திய தடம் மட்டும் முன்பே ஒரு ஷாட்டில் வந்திருக்க வேண்டும், கம்பளத்தில், 45 டிகிரி கோணலாக.