ஆடும் நாற்காலி, கறுத்த மேசை: உப்புத்தாளில் இருந்து தொடங்கலாமா?

பழையவீடு:
அப்பா உட்கார்ந்து எழுதிய நாற்காலியும் மேசையும் பல வருடங்களாக மூலையில் கிடந்தன. போன வாரம்தான் வெளியே எடுத்தேன். உட்கார்ந்தால் நாற்காலி பக்கவாட்டில் ஆடுகிறது. மேசையின் மேல் டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் ஒன்று, ஓரத்தில் மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு. மற்றபடி எங்கும் பழுப்பாக மங்கிக் கிடக்கிறது. செலவழிக்கப் பெரிதாகப் பணம் இல்லை, மின்கருவியும் இல்லை. முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

மரத்தூள்:
தயவுசெய்து உப்புத்தாளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஒரு மேசையை இழந்தேன். முழு மரம் என்று நம்பித் தேய்த்தேன். மேலே இருந்ததோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மரத்தகடு. திடீரென்று உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போய், அடியில் இருந்த வேறு மரம் தெரிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அந்தத் தகட்டைத் தேர்ந்தெடுத்து ஒட்டியவரின் உழைப்பு அது, இன்றும் மனம் கேட்பதில்லை.

உங்கள் மேசையின் பக்க விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பில் தொடராமல் மெல்லிய கோடாகப் பிரிந்து தெரிந்தால், அது தகடு.

முதலில் அழுக்கை எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நாலு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். நீங்கள் பழுப்பு என்று சொல்வதில் பாதி கைப்பிசுக்காகத்தான் இருக்கும். அப்புறம், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அசையாமல் இருந்தால் எண்ணெய் வார்னிஷோ பாலியூரித்தேனோ. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்யுங்கள்.

பழையவீடு:
பார்த்தேன் அண்ணா. விளிம்பிலும் ரேகை தொடர்கிறது, முழு மரம்தான். பஞ்சு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, பழுப்பு நிறம்.

மரத்தூள்:
அப்படியென்றால் பழைய பாலிஷைச் சுரண்டவே வேண்டாம். அரக்குக்கு உள்ள பெரிய நன்மை, புதுப்பூச்சு பழையதைக் கரைத்து அதோடே சேர்ந்துவிடும். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு போதும். வெள்ளை வட்டம் பாலிஷுக்குள் மாட்டிய ஈரம், மரத்தில் இறங்கியதல்ல. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒரே வீச்சில் தடவிவிடுங்கள். நின்று தேய்த்தால் பாலிஷ் பெயர்ந்துவிடும்.

நாற்காலிதான் முக்கியம். ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். ஆடுகிற சட்டங்களைக் கழற்றுங்கள். அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் காகித டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். பிடிவாதமான இணைப்பில் வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால், விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பழைய வச்சிரப் பசையாக இருந்தால் இளகும். சட்டத்தின் முனையில் துளைக்குள் செருகும் நாக்கிலும், அது உட்காரும் துளையிலும் ஒட்டியிருக்கும் பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுங்கள். புதிதாகப் போடும் வெள்ளைப் பசை மரத்தில்தான் பிடிக்கும், பழைய பசை மேல் பிடிக்காது. பலரும் இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் மறுபடி ஆடுகிறது என்கிறார்கள். ஒட்டியதும் கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்குங்கள், கிளாம்ப் தேவையில்லை. பசை இறுகும் முன் சமதளத்தில் நிறுத்தி, நாலு காலும் தரையைத் தொடுகிறதா பாருங்கள். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

நீலக்கதவு:
கறுப்புத் திட்டு பற்றி நான் சொல்கிறேன். அது பெரும்பாலும் இரும்பும் ஈரமும் மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து உண்டானது. ஆக்சாலிக் அமிலம் அதை வெளுக்கும். ஆனால் வெறும் மரத்தில்தான் வேலை செய்யும், அதனால் அந்த இடத்தில் மட்டும் பாலிஷை எடுக்க வேண்டிவரும். விஷம், கையுறை கட்டாயம். முடிந்ததும் நன்றாகக் கழுவுங்கள், படிந்த தூள் மூக்கில் ஏறக் கூடாது. என்னைக் கேட்டால் சின்னத் திட்டு என்றால் விட்டுவிடுவேன். அப்பாவின் மைக்கூடு இருந்த இடமாகவும் இருக்கலாம்.

பழையவீடு:
திட்டை விட்டுவிடுகிறேன் அக்கா. அண்ணா, ஒரு சந்தேகம். சட்டத்தைக் கழற்றியபோது நாக்கின் மேல் பென்சிலால் இரண்டு கோடு, அது உட்கார்ந்த காலிலும் துளை ஓரத்தில் அதே இரண்டு கோடு. அடுத்ததில் மூன்று மூன்று. அழிக்க மனம் வரவில்லை. பசை பிடிக்குமா?

மரத்தூள்:
பிடிக்கும், பென்சில் கோடு ஒன்றும் செய்யாது. செய்தவர் எது எதற்கு என்று போட்டுவைத்த அடையாளம் அது. நீங்கள் ஒட்டிய எண்ணை விட்டுவிட்டு அவர் கோட்டைப் பார்த்தே பொருத்துங்கள்.