முழங்கால் தேய்மானம்: சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம், மாடிப்படி ஏறவே சிரமப்படுகிறார். புளி, உருளைக்கிழங்கை நிறுத்தச் சொல்லி ஆளாளுக்கு அறிவுரை. உண்மையில் எது வலியைக் குறைக்கும்?

பதில் 1: எடை கூடுதலா? 1 கிலோ குறைந்தாலே நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும், அதனால் இரவில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுங்கள், ஆனால் பட்டினி கூடவே கூடாது, புரதம் குறைந்தால் தொடைத் தசை இளைத்துவிடும்.

பதில் 2: மீன் சாப்பிடுவார் என்றால் மத்திக் குழம்பு வையுங்கள், அழற்சியைக் குறைக்க உதவும் ஒமேகா 3 என்ற கொழுப்பு அதில் நிறைய. புளியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பதில் 3: முடக்கத்தான் தோசை தாராளமாகச் செய்யலாம், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார் என்றால் மஞ்சள் கிழங்கின் சத்தில் செய்த மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.