கடன் கட்டி முடித்து, காசு சேர்த்து, ஜப்பான் போய் வந்தேன். இதற்குப் பெயர் கொடுப்பினையா?

சிப்புட்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு உரம் போடுகிற வேலை. அப்பா லாரி ஓட்டினார். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, இப்போது பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை வீடு. நான் பெட்டாலிங் ஜெயாவில் கணக்காய்வு வேலையில் இருக்கிறேன். பிடிபிடிஎன் என்கிற அரசாங்க உயர்கல்விக் கடனில் படித்தேன், 9 வருடம் கட்டி முடித்தேன். கடன் முடிந்த அடுத்த மாதமே அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தனிக் கணக்கில் போட ஆரம்பித்தேன். 4 வருடம் போட்டேன். போன நவம்பரில் அம்மா, அப்பா, தம்பி, நான் என்று நான்கு பேரும் 9 நாள் ஜப்பான் போய் வந்தோம். மொத்தச் செலவு 22,000 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு அது பெரிய காசு, மறைக்கவில்லை.

கியோத்தோவில் இலையெல்லாம் சிவந்து கிடந்தது. ஊரே கூடி நின்று படம் பிடிக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம தோட்டத்துலயும் மாசி மாசம் இப்படித்தான் சிவந்து கொட்டும். அப்போ பால் இறங்காது, சம்பளமும் இறங்கிடும். அந்த மாசமெல்லாம் கடையில கடன்தான். இங்க என்னன்னா காசு குடுத்துப் பார்க்குறாங்க." சொல்லிவிட்டு ஓர் இலையைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே 22,000 போனாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் என் அத்தை மகள். ஒரே வயது, ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. அவள் இப்போது கையுறை தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். என் கைத்தொலைபேசியில் படங்களைப் பார்த்துவிட்டு, "உனக்கென்னடி, கொடுத்து வச்சவ" என்றாள். பொறாமையாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. "கொடுத்தும் வைக்கல, ஒண்ணும் வைக்கல, நான் உழைச்சு சம்பாதிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒருவர் தன் உழைப்பில் கடனைக் கட்டி, வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி ஒரு முறை ஆசைப்பட்டதை அனுபவித்தால், அதையும் கொடுப்பினை என்றுதான் சொல்வீர்களா?

---

இரவு_ஷிப்டு:

அக்கா, நேராகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஆமாம், கொடுப்பினைதான்.

நீங்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் அத்தை மகளும்தானே உழைக்கிறார்? நானும் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில்தான் இருக்கிறேன், 12 மணி நேர ஷிப்டு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் 22,000-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 13 மாதச் சம்பளம். சாப்பிடாமல், வாடகை கட்டாமல், மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றாமல் 13 மாதம்.

ஆனால் காசு இருந்தாலும் போக முடியாது, அதைத்தான் சொல்ல வந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியது வருடத்துக்கு 8 நாள் விடுப்பு. இரண்டு வருடம் ஆனால் 12, ஐந்து வருடம் ஆனால் 16. அந்த 8 நாளில்தான் தீபாவளிக்கு முன்னும் பின்னும், கோயில் திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல், எழவு வீடு எல்லாம். ஒரே மூச்சில் ஒரு வாரம் கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கணும் நீங்கள். நான் வேலைக்கு வந்து 6 வருடம் ஆகிறது, தொடர்ந்து 4 நாள் வீட்டில் இருந்தது கோவிட் காலத்தில் மட்டும்தான்.

நீங்கள் 4 வருடம் சேர்த்ததைச் சொல்கிறீர்கள். 4 வருடம் அந்தக் கணக்கில் கைவைக்கிற மாதிரி வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை பாருங்கள், அதைத்தான் நான் கொடுப்பினை என்கிறேன். என் கணக்கு எட்டாவது மாதத்தைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிடுவார்கள்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பி சொன்ன கணக்கு சரி. அதற்காக இந்தப் பிள்ளை கூச வேண்டியதில்லை.

எனக்கு 70 வயது. நான் பிறந்த தோட்டத்தில் மேட்டின் மேல் வெள்ளைக்காரத் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் (கணக்கர்கள்) வீடுகள், அதற்கும் கீழே பள்ளத்தில் எங்கள் லயம். சாயங்காலம் துரை டென்னிஸ் விளையாடுவார். எங்கள் வயசுப் பையன்கள் வேலிக்கு வெளியே விழுந்த பந்தைப் பொறுக்கிப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கிளப். எங்களுக்கு மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள், பெரியவர்களுக்குக் கள்ளுக்கடை. அவ்வளவுதான் உல்லாசம். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் என் அம்மா விடியற்காலை 4 மணிக்கே எழுந்து, 5 மணிக்கெல்லாம் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் நிற்பார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலியும் இல்லை. துரைக்கு மழை நாளிலும் சம்பளம் உண்டு. பிறப்பும் தோலும் கொடுத்த அந்த வசதிக்கும், இந்தப் பிள்ளை 13 வருடம் மாதா மாதம் காசு எடுத்து வைத்ததற்கும் ஒரே பெயரா? எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. கொடுத்து வைத்தவர் என்ற சொல்லை எல்லாரும் அதிர்ஷ்டம் என்று புரிந்துகொள்கிறார்கள். யாரோ முன்னால் கொடுத்து வைத்தார்கள், அது பின்னால் கைக்கு வருகிறது, சொல் அதைத்தான் சொல்கிறது. முன்பிறவிப் புண்ணியம் என்பார்கள். நம் ஊரில் அதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் போய்த் தெருவில் நின்றவர்கள் நம்மவர்கள். 1960-இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், அவரும் சுங்கை சிப்புட்காரர்தான், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களை நாமே வாங்கலாம், பங்கு போடுங்கள் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டார். 100 வெள்ளி ஒரு பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். என் அப்பா கட்டினார். அந்த மாதங்களில் வீட்டில் கருவாட்டுக் குழம்புகூடக் கிடையாது என்று அம்மா பல வருடம் சொல்லிக் காட்டுவார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான்.

ஆகவே மகளே, யாராவது கொடுத்து வைத்தவள் என்றால் ஆமாம், என் அம்மா கொடுத்து வைத்தார் என்று சொல். அதில் உனக்கு ஒரு குறைவும் இல்லை.

---

இரவு_ஷிப்டு:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் உங்கள் அப்பாவிடம் அந்த 10 வெள்ளி இருந்தது. பக்கத்து லயத்தில் 10 வெள்ளி எடுத்து வைக்க முடியாத வீடும் இருந்திருக்கும். அந்த வீட்டுப் பேரன்தான் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் 4 மணிக்குத்தானே எழுந்தார்கள்?

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

எழுந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். மரத்திலிருந்து சறுக்கி விழுந்து முதுகு போன மனிதர். நீ சொல்வதை மறுக்க முடியவில்லை தம்பி.

---

கோப்பிக்கடை:

அக்கா, இனிமேல் சொந்தக்காரர்களிடம் படம் காட்டாதீர்கள். பிரச்சினை அதோடு முடிந்தது. ஊர் வாயை மூட முடியாது.

---

சிவப்பு_அட்டை:

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் பிடிபிடிஎன் கடனைப் பாரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். பாரம்தான். ஆனால் அந்தக் கடன் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். என் அண்ணனிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை. இதே நாட்டில், தோட்டத்து ஆயாக்கொட்டகையில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வளர்ந்தவர். அந்தக் காலத்தில் அப்பா அம்மா கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, பிறப்புப் பத்திரம் எடுக்கத் தாமதம், யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, எங்கே போய் யாரைப் பார்ப்பது என்று சொல்ல ஆளும் இல்லை. எனக்குப் பத்திரம் எடுக்கும்போது அப்பா விவரம் தெரிந்துகொண்டுவிட்டார், எனக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், அட்டை மட்டும் வேறு வேறு.

அண்ணன் என்னைவிட நன்றாகப் படித்தார். மேலே படிக்க விண்ணப்பம் நிரப்புகிற நேரத்தில்தான் கதவு அடைத்தது. இன்றைக்கு வெல்டிங் வேலை செய்கிறார், கை சுத்தமான வேலைக்காரர், காசுக்கும் பெரிய பஞ்சமில்லை. 2013-இலிருந்து மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலேயே ஜப்பானுக்குக் கொஞ்ச நாள் போய் வரலாம். 200 வெள்ளி கட்டினால் 5 வருடத்துக்குக் கடப்பிதழ். நமக்கு அது ஒரு மதியத்து வேலை. அண்ணனுக்கு அந்த வரிசையில் நிற்கவே வழியில்லை. குடியுரிமைக்கு மனு போட்டுப் போட்டு அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. நானும் தாய்லாந்து போய் வந்தவள்தான். போகிற அன்றைக்கு அண்ணன்தான் விமான நிலையத்தில் கொண்டு வந்து விட்டார். பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினார். அன்றையிலிருந்து நான் உழைத்தேன் என்று சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது.

---

சிப்புட்_பொண்ணு:

எல்லாருடையதையும் இரண்டு மூன்று முறை படித்தேன். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்தபோது அழுதேன். சிவப்பு அட்டை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். மறைக்க வேண்டும் என்று இல்லை, அப்போது அது எனக்கு முக்கியமாகவே தோன்றவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. என் பாட்டி கடைசி ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். இருந்தது அத்தை வீட்டில். பாட்டியைத் தூக்க, குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்றுதான் என் அத்தை மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 5-க்குப் பிறகு மேலே படிக்கப் போகவில்லை. அவள் பார்த்துக்கொண்டதால் என் அம்மா ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடாமல் போனார். என் விடுதிக் கட்டணம் அந்தச் சம்பளத்திலிருந்து வந்தது. இப்போது அத்தைக்குச் சிறுநீரகம் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். இரவு ஷிப்டு முடித்து வந்து அத்தையைக் கொண்டு போவதும் அவள்தான். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் அவளால் ஊரை விட்டு நகரவே முடியாது. இதெல்லாம் தெரிந்தும் பந்தியில் உட்கார்ந்து அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை, அப்புறம் அவளே கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு" என்றாள். அவசரத்தில், "உன்னையும் எங்கேயாவது கூட்டிப் போறேன், செலவு என்னோடது" என்று உளறினேன். அவள் சொன்னது: "எங்கேயும் வேணாம். ஒரு வாரம் நீ வந்து அம்மாவைப் பார்த்துக்க. செவ்வாய், வியாழன், சனி. நான் தூங்கணும்."

எனக்கு இன்னும் 7 நாள் விடுப்பு இருக்கிறது. 5 நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று இங்கே யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். வாழைப்பழம், இளநீர் கூடாது என்று மட்டும் அவள் சொன்னாள். மற்றதை அவளை எழுப்பிக் கேட்க எனக்கு விருப்பமில்லை.