உப்புக்காற்றில் எஃகா, பாலிமரா?

வணக்கம். காசிமேட்டில் குடியிருக்கிறேன், நான்கு தெரு தள்ளிக் கடல். அப்பாவின் .32 எஃகு பிஸ்டல் உரிமத்தோடு முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. எண்ணெயிட்டுத் துடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, ஸ்லைடின் (குழல்மேல் முன்பின் நகரும் பகுதி) ஓரத்தில் செம்புள்ளிகள். தொட்டால் விரலில் துரு ஒட்டுகிறது. மனம் கேட்கவில்லை.

பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக் பிடிச்சட்டம் கொண்ட பிஸ்டலுக்கு மாறச் சொல்கிறார்கள். பிடிச்சட்டம் துருப்பிடிக்காது, சரி. ஆனால் குழலும் ஸ்லைடும் அதிலும் எஃகுதானே? எடையும் யோசிக்க வைக்கிறது. பழைய 1911 வகை எஃகு பிஸ்டல் ஏறக்குறைய 1,100 கிராம். 1982இல் வந்த பாலிமர் பிஸ்டல் குளோக் 17 சுமார் 630 கிராம். கனமான துப்பாக்கியில், சுடும்போது கையில் வரும் பின்னுதை மென்மையாகத் தெரியும். அந்த நிதானம் எனக்கு முக்கியம்.

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் உரிமம் வைத்திருக்கும் அண்ணன்மார்களே, எதை வைத்திருக்கிறீர்கள்? எத்தனை நாளுக்கொருமுறை எண்ணெயிடுகிறீர்கள்? தோலுறை ஈரத்தை இழுப்பதால் அதிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு எதில் வைக்கலாம்?