தேவதைக் கதைகளை மாற்றி எழுதிய நாவல்கள்: 13 வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம்?

செந்தூல் சித்தி

வணக்கம். என் அக்கா மகளுக்கு அடுத்த மாதம் 13 வயது ஆகிறது, இந்த வருடம்தான் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 போயிருக்கிறாள். போன வருடம் தமிழ்ப்பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்குச் சிண்டரெல்லா கதையை எடுத்துக்கொண்டாள். வீட்டில் பயிற்சி கொடுத்தபோதெல்லாம் ஒழுங்காகச் சொன்னவள் மேடை ஏறியதும் கடைசிப் பகுதியை மாற்றிவிட்டாள். இளவரசனின் ஆட்கள் வீடு வீடாகத் தேடி வரும்வரை அவளுடைய சிண்டரெல்லா காத்திருக்கவில்லை, மறுநாள் காலையிலேயே அரண்மனை வாசலில் போய் நின்று "என் சப்பாத்து இங்கே இருக்கிறது, கொடுங்கள்" என்று கேட்கிறாள். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். ஆனால் நடுவர் மூலக்கதையை மாற்றக் கூடாது என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பரிசு போனால் போகட்டும், அன்றிலிருந்து பிள்ளை எதையும் சொந்தமாகச் சொல்லத் தயங்குகிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த மாதிரி பழைய கதைகளை எடுத்து, அந்தப் பெண்ணையே முடிவெடுக்க வைத்து நாவலாக எழுதியிருக்கிறார்களாம். பிறந்தநாளுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. ஆங்கிலம் நன்றாகவே வாசிப்பாள். அட்டையில் வாள் பிடித்த பெண் இருந்தாலே போதும் என்று நான் நினைக்கவில்லை, வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி

அக்கா, புத்தகத்துக்கு முன்னால் அந்த மூலக்கதை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. எது மூலம்? கண்ணாடிச் சப்பாத்தும் பூசணிக்காய் வண்டியும் ஷார்ல் பெரோ 1697இல் பிரெஞ்சு மொழியில் எழுதியதில் வருபவை. கிரிம் சகோதரர்கள் 1812இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டதில் பூசணியும் இல்லை, மந்திரக்கோல் தேவதையும் இல்லை. அம்மாவின் கல்லறையில் வளர்ந்த மரத்தடியில் நின்று கேட்டுத்தான் அந்தப் பெண்ணுக்கு உடை கிடைக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் வெகு முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யெ ஷியன் கதையில் ஒரு மீன் வருகிறது. மாற்றாந்தாய் அதைக் கொன்றுவிட, அந்தப் பெண் அதன் எலும்புகளை எடுத்து ஒளித்து வைத்து அவற்றிடம் வேண்டிக்கொள்கிறாள், பொன் சப்பாத்து அப்படித்தான் வருகிறது. நம் பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் பாவாங் பூத்தே, பாவாங் மேரா கதையிலும் மீன் உண்டு, புதைத்த எலும்பிலிருந்து மரம் முளைக்கும். ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருத்தி மாற்றிச் சொன்னதால்தான் இந்தக் கதை நம் கை வரைக்கும் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை செய்ததும் அதேதான், தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்.

புத்தகம் என்றால் மரிஸ்ஸா மேயர் எழுதிய 'சிண்டர்', 2012இல் வந்தது. எதிர்காலத்துப் பெய்ஜிங்கில் நடக்கிறது. நாயகி பாதி உடம்பு இயந்திரமான ஒரு மெக்கானிக், சந்தையில் கடை போட்டு ரோபோக்களைப் பழுது பார்க்கிறாள், சம்பாதிப்பதெல்லாம் மாற்றாந்தாய்க்குப் போகிறது. சிறுவயதில் பொருத்திய இரும்புப் பாதம் இப்போது அவளுக்குச் சின்னதாகிவிட்டது, கதையே அந்தப் பாதத்தின் துருப்பிடித்த திருகைக் கழற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது. காலுக்குப் பொருந்தும் சப்பாத்தைத் தேடும் கதையைக் காலே பொருந்தாத பெண்ணிடம் கொடுத்திருக்கிறார், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று மட்டும், முதல் புத்தகத்தோடு கதை முடியாது. மொத்தம் நான்கு நாவல்கள், கடைசியான 'வின்டர்' 2015இல் வந்தது.

கெப்போங் மணியம்

சிண்டர் நல்ல நாவல்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு நான் வேறு ஒன்றைச் சொல்வேன். கெய்ல் கார்சன் லெவின் எழுதிய 'எல்லா என்சான்டட்', 1997. அடுத்த வருடமே நியூபெரி ஹானர் என்ற அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருது கிடைத்த புத்தகம். சிண்டரெல்லா ஏன் மாற்றாந்தாய் சொன்னதையெல்லாம் செய்தாள், ஒருநாளாவது முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டால் நம் பெரியவர்கள் "அவள் நல்ல பிள்ளை" என்பார்கள். லெவின் அந்தப் பதிலை ஏற்கவில்லை. பிறந்த குழந்தையை வாழ்த்த வந்த தேவதை கீழ்ப்படிதலை வரமாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் யார் எதைச் சொன்னாலும் எல்லா என்ற அந்தப் பெண் செய்தே ஆக வேண்டும், உடம்பு அவள் பேச்சைக் கேட்காது. நல்ல பிள்ளை என்று நாம் மெச்சுகிற குணத்தையே சாபமாக்கிவிட்டார் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவள் அதற்குள்ளேயே வழி கண்டுபிடிப்பது. சமையற்காரம்மா "இந்தக் கிண்ணத்தைப் பிடி, முட்டை அடிக்கிறேன்" என்றால் பிடிப்பாள், ஆனால் பிடித்தபடியே நகர்ந்துகொண்டிருப்பாள், அந்த அம்மா கரண்டியோடு பின்னாலேயே வர வேண்டும். நான் என் மகளுக்கு இரவில் சத்தமாக வாசித்துக் காட்டியபோது அவள் இந்த இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். சாபம் எப்படி உடைகிறது என்று இங்கே சொல்ல மாட்டேன், அது பிள்ளை தானே போய்ச் சேர வேண்டிய இடம். அப்புறம், 2004இல் இதைப் படமாக எடுத்தார்கள், அது நாவலிலிருந்து ரொம்ப விலகிப் போன படம், அதை முதலில் காட்டிவிடாதீர்கள்.

பிறை அண்ணன்

சித்தி, இது பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு. நவோமி நோவிக் எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்', 2018. வைக்கோலைத் தங்கமாக நூற்கும் கதையிலிருந்து பிறந்தது. மிரியம் என்ற யூதப் பெண்ணின் அப்பா வட்டிக்குக் கொடுப்பவர், ஆனால் கடனைத் திருப்பிக் கேட்கும் தைரியம் இல்லாத மனிதர். வீட்டில் குளிருக்கு விறகில்லை, சோறில்லை, அம்மா படுத்த படுக்கை. வாங்கியவர்கள் மட்டும் நன்றாக இருக்கிறார்கள். ஒருநாள் மிரியம் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வசூலுக்குக் கிளம்பிவிடுகிறாள். ஊர் அவளை ஈவிரக்கம் இல்லாதவள் என்கிறது.

எங்கள் பாட்டி இங்கே பிறையில் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். மாசக் கடைசியில் சின்ன நோட்டுப் புத்தகத்தோடு சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் பாக்கி கேட்பார். அவரைக் 'கறார்க் கிழவி' என்று சொன்ன வீடுகளில் பிள்ளைகள் குடித்தது எங்கள் பால்தான். மிரியம் முதல் கதவைத் தட்டும் பக்கத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த நாவலில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அப்பாவின் கடனுக்காக வேலைக்கு வரும் வாண்டா, பிரபுவின் மகள் இரீனா. மூன்று பேரும் பேரம் பேசியும் கணக்குப் போட்டும்தான் தப்பிக்கிறார்கள். ஆள் மாற்றி ஆள் கதை சொல்வதால் 13 வயதுக்குக் கொஞ்சம் சிக்கலாக இருக்கும், 16க்கு மேல் கொடுக்கலாம்.

பினாங்குப் பக்கம் வந்தால் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

பட்டர்வொர்த் வாசகி

அண்ணன் சொன்னதும் ஞாபகம் வந்தது, ஓர் எச்சரிக்கை. இந்த வகை நாவல் எல்லாமே பிள்ளைகளுக்கானது இல்லை. ஜூலியட் மரிலியர் எழுதிய 'டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' எனக்கு உயிர். அன்னங்களாக மாறிய ஆறு அண்ணன்களுக்காக ஒரு பெண் வாய் திறக்காமல் முள்செடி நாரில் சட்டை நெய்கிற கதை. ஆனால் அதில் அவள் பலாத்காரத்துக்கு ஆளாகும் காட்சி இருக்கிறது. ராபின் மெக்கின்லி எழுதிய 'டியர்ஸ்கின்' அதைவிடக் கடினம், அங்கே கொடுமை செய்பவன் பெற்ற அப்பன். அட்டையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பேசத் தயங்குகிறாள் என்றீர்களே, அதற்கு ஷானன் ஹேல் எழுதிய 'தி கூஸ் கேர்ல்' சரியாக இருக்கும். பறவைகளோடு பேசத் தெரிந்த, மனிதர்களிடம் பேச வராத இளவரசி. பேச்சிலேயே எல்லோரையும் மயக்கும் தோழி அவளுடைய இடத்தைப் பறித்துக்கொள்கிறாள். வாத்து மேய்க்கும் வேலைக்குப் போய், மற்ற வேலைக்காரர்களுக்கு ராத்திரியில் கதை சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குக் குரல் வருகிறது.

கெப்போங் மணியம்

இன்னொன்று. தமிழிலேயே இப்படி மாற்றி எழுதக் காத்திருக்கும் கதை 'அல்லி அரசாணி மாலை' என்ற பழைய கதைப்பாடல். மதுரையை ஆண்ட அல்லி, ஆண் துணை வேண்டாம் என்று இருந்தவள். அர்ச்சுனன் பாம்பாக உள்ளே புகுந்து, அவள் தூங்கும்போது கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். தூங்கும் அழகியின் கதையை எத்தனை பேர் எத்தனை விதமாகத் திருப்பி எழுதிவிட்டார்கள். அல்லி கண் விழிக்கும் அந்தக் காலையை யாராவது அவள் பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை.

செந்தூல் சித்தி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு போனில் அவளிடம் சீனத்து மீன் எலும்புக் கதையைச் சொன்னேன், "அப்ப நான் மாத்தினது தப்பு இல்லையா சித்தி?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அல்லி கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "முழிச்சதும் அவ என்ன சொன்னா?" என்றாள். சனிக்கிழமை இருவரும் எல்.ஆர்.டி.யில் கே.எல்.சி.சி. போய் கினோகுனியா புத்தகக் கடையில் 'எல்லா என்சான்டட்'டும் 'தி கூஸ் கேர்ல்'லும் தேடப் போகிறோம். மணியம் அண்ணே, பெரிய எழுத்துப் பதிப்பிலோ வேறு எதிலோ அல்லி பாட்டு உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து படி எடுத்துக்கொள்கிறேன்.