வெளிநாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டி மாட்டிய அனுபவம் உண்டா?

குரங்குப்பெடல்:
தாய்லாந்தில் சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகும் 1095 சாலை. 762 வளைவு என்று டி-ஷர்ட்டில் போட்டு விற்பார்களே, அதுதான். 125 சி.சி. ஸ்கூட்டர். வாடகை வண்டிக் கடையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள், லைசென்ஸ் பற்றிக் கேட்கவே இல்லை. நம்ம ஊர் லைசென்ஸ் பர்ஸில் இருந்தது, 18 வருடமாக ஓட்டுகிறேன். ஐ.டி.பி., அதாவது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதை மட்டும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது இறக்கத்தில் ஒரு வளைவில் மணல் கிடந்தது. முன்சக்கரம் வழுக்கிவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் இருந்த என் மனைவியின் கணுக்கால் வண்டிக்கு அடியில் மாட்டி இரண்டு இடத்தில் உடைந்தது. கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்த பெண் நல்ல பொறுமைசாலி. இன்சூரன்ஸ் பாரத்தை ஒவ்வொரு வரியாகப் போனில் மொழிபெயர்த்துக் காட்டிக்கொண்டே வந்தார். ‘பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, நகல் இணைக்கவும்’ என்ற இடத்தில் விரல் நின்றது. நான் தலையாட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்த மனைவி என்னைப் பார்த்து, “என்னங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அந்த ஆயிரம் ரூபாய் கட்டுறதுதானே?” என்றாள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன், மெதுவாகக் கேட்டாள். இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பைசா தரவில்லை. பில் 2,40,000 பாட்.

மாட்டுத்தாவணி மணி:
என்னிடம் ஐ.டி.பி. இருந்தும் மாட்டினேன். புக்கெட்டில் செக்கிங். நிமிர்ந்து உட்கார்ந்து ஐ.டி.பி. புத்தகத்தை நீட்டினேன். போலீஸ்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஏ என்று போட்ட கட்டத்தில் விரலை வைத்தார். ஏ என்றால் மோட்டார் சைக்கிள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. முத்திரை பி-யில் மட்டும்தான். ஊரில் என் லைசென்ஸ் காருக்கு மட்டுமே எடுத்தது, ஸ்கூட்டி எல்லாம் சும்மா ஓட்டிப் பழகியது. அந்த வெறும் கட்டத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. 500 பாட் அபராதம்.

கடல்காற்று:
தயவுசெய்து யாரையும் இவ்வளவு பயமுறுத்தாதீர்கள். கோ சமூயில் பத்து நாள் ஓட்டினேன், ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினார்கள். 500 பாட் கட்டினேன், ரசீது கொடுத்தார்கள். இன்னும் மூன்று நாளைக்கு இதைக் காட்டினால் போதும் என்று வண்டிக் கடைக்காரர் சொன்னார், அப்படியே ஓட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரசீது எழுதிவிட்டு அந்தப் போலீஸ்காரர், முன்னால் நின்றிருந்த என் ஆறு வயது மகளிடம் குனிந்தார். அவள் போட்டிருந்தது பெரியவர்கள் ஹெல்மெட். வாரை இழுத்து இறுக்கி, தாடைக்கடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். அப்போதும் தளர்வாக ஆடியது. என்னிடம் ஒன்றும் பேசவில்லை, ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அபராதம் மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை.

நெடுஞ்சாலை:
கடல்காற்று, அந்த ரசீது லைசென்ஸ் ஆகாது. அடுத்த செக்கிங்கில் விட்டுவிட்டால் அது அவர்கள் நல்ல மனசு. வண்டியில் குழந்தை இருக்கும்போது கீழே விழுந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் அந்தச் சீட்டைக் காட்டிப் பாருங்கள். குரங்குப்பெடல் எழுதியதைப் படித்த பிறகும் இப்படிச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் மாட்டியது வியட்நாம், ஹா ஜாங் மலைச்சுற்று. ஐ.டி.பி. இருந்தது, ஏ கட்டத்தில் முத்திரையும் இருந்தது. செல்லாது என்று வண்டியை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு உள்ளூர்ப் பையன் பின்னால் உட்கார்ந்துதான் மா பி லெங் கணவாயைப் பார்த்தேன். கீழே பச்சையாக ஆறு. நானே ஓட்டி வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் காசு சேர்த்திருந்தேன்.

போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இந்தியா கொடுக்கும் ஐ.டி.பி. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அட்டையிலேயே வருடம் போட்டிருக்கும், பாருங்கள். தாய்லாந்தில் 1949 செல்லும். வியட்நாமில் 50 சி.சி.க்கு மேல் எதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அபராதத்தை ஏற்றிவிட்டார்கள்: 125 சி.சி. வரை 20 முதல் 40 லட்சம் டாங், அதற்கு மேல் போனால் 60 முதல் 80 லட்சம். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வண்டிக் கடையில் சொல்வதை நம்பாதீர்கள், ரோட்டில் நிற்கப்போவது நீங்கள். ஐ.டி.பி. எடுக்க 4ஏ படிவம், 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஊர் லைசென்ஸில் கியர் பைக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்த்துவிட்டு அப்புறம் ஐ.டி.பி.க்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துக் கையில் வையுங்கள், ஒன்று மட்டும் போதாது.

குரங்குப்பெடல்:
நெடுஞ்சாலை, கடல்காற்றிடம் கோபப்படாதீர்கள். அந்த வளைவுக்கு முந்தின நிமிடம் வரை நானும் அவர் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்.

நல்லூரடி:
நான் லண்டன். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். என்னிடம் இருந்தது அங்கத்தைய கார் லைசன்ஸ் மட்டும். இலங்கையில் ஓடத் தற்காலிக அனுமதி எடுக்கவேணும் என்று தெரியும், கொழும்பில் இறங்கின அன்று அலுப்பில் விட்டுவிட்டேன். மாமா, “கோயிலடிக்குத்தானே தம்பி, எடுத்துக்கொண்டு போ” என்று தன்ர மோட்டார் சைக்கிளைத் தந்தார். சந்தியில் மறித்தார்கள்.

எனக்கு வழக்கு. வண்டி மாமாவின் பெயரில், லைசன்ஸ் இல்லாத ஆளுக்கு ஓடக் கொடுத்ததற்கு அவருக்கும் வழக்கு. மாமா 34 வருசம் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர். கோர்ட்டில் என்னுடைய பெயருக்குப் பிறகு அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சேட்டு. கையைக் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். வெளியில் நின்ற ஒருவர், “வணக்கம் சேர்” என்று எழும்பிவிட்டு, ஏன் வந்திருக்கிறார் என்று விளங்காமல் முழித்தார்.

குற்றக்காசு முழுக்க நான்தான் கட்டினேன். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டு என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது மாமா ஓடினார், நான் பின்னால் இருந்தேன். வழியில் ஒரு கடையடியில் நிற்பாட்டி, “தேத்தண்ணி குடிப்பமோ?” என்று கேட்டார்.